ஆட்டுக்கறி எங்கே, எத்தனை மணிக்கு? தெருமுனைக் கடை, ஏசி கடை, ஆப்: மூன்றுக்கும் ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கிய கையோடு குழம்பு வைப்பதென்றால் தெருமுனைக் கடை, அதுவும் விடிந்ததும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சமைக்க வாங்குவதென்றாலும் அதே தெருமுனைக் கடைதான். ஆனால் ஒன்பது மணிக்கு மேல், துண்டு போடாமல், முழுத் தொடையாக. முதல்நாள் அறுத்த ஆட்டை, உறையவிடாமல் குளிர்விக்கும் சில்லரில் தொங்கவிட்டு விற்கும் ஏசி கடை பக்கத்தில் இருந்தால் சுக்காவுக்கும் வறுவலுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. அதே ஏசி கடை, ஃபிரீசரில் கல்லாகக் கிடந்ததை மின்ரம்பத்தில் அறுத்துத் தருகிறதென்றால் கடைசி இடம். ஆப்பில் வரும் பொட்டலம் நடுவில் நிற்கிறது. தேதி பார்க்கத் தெரிந்தவருக்கு நல்ல கறி, தெரியாதவருக்குக் குலுக்கல் சீட்டு.

ஒரே கடை, ஒரே விலை, ஒரே குக்கர். ஒரு வாரம் கறி பஞ்சாக வேகிறது, அடுத்த வாரம் ஜவ்வாக இழுக்கிறது. வீட்டில் உடனே வரும் தீர்ப்பு: "முத்தின ஆட்டைத் தலையில கட்டிட்டான்." சில சமயம் அது உண்மைதான். பல சமயம் ஆடு இளசாகவே இருந்திருக்கும். அறுத்து எத்தனை மணி நேரம் கழித்து, எந்தக் குளிரில் வைத்து, எந்தத் தசையைச் சமைத்தோம் என்பதில்தான் கோளாறு. கடையை எடைபோட இந்த மூன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. விலையும் பளபளப்பும் அதற்குப் பிறகு.

வெந்த தொடைக்கறியை இரண்டு விரலால் பிய்த்தால் நூல் நூலாக வரும். அந்த நூல் ஒற்றை இழை கிடையாது, நிறைய தசையிழைகளைச் சவ்வால் சுற்றிய கட்டு. ஓர் இழையின் தடிமன் 10 முதல் 100 மைக்ரான், தலைமுடி அளவு அல்லது அதற்கும் கீழே. அதற்குள் 1, 2 மைக்ரான் தடிமனில் நுண்ணிழைகள். ஒவ்வொரு நுண்ணிழையும் ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல 2 மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள சின்னச் சின்ன அறைகளின் வரிசை. அறைக்கு சார்கோமியர் என்று பெயர். இரண்டு சுவர்களிலிருந்தும் ஆக்டின் என்ற மெல்லிய கம்பிகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் மயோசின் என்ற தடித்த கம்பி. தசை சுருங்கும்போது எந்தக் கம்பியும் குட்டையாவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய், அறைதான் குறுகுகிறது. 1954இல் இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஆட்டுத் தொடைக்கும் நம் தொடைக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

கறிக்கடைக்குத் தேவையான செய்தி இதில் ஒன்றுதான். மயோசினின் தலை ஆக்டினைப் பிடித்து இழுக்க ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். பிடியை விடவும் அதே ஏடிபி வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும்.

ஆடு செத்தாலும் தசைக்கு அது உடனே தெரியாது. ரத்தம் வடிந்து, மூச்சு நின்று, தோலும் உரித்தாகிவிட்டது. தசை தன்பாட்டுக்குக் கைவசம் இருக்கும் கிளைகோஜனை (தசையில் சேமித்து வைத்த சர்க்கரை) உடைத்து ஏடிபி செய்துகொண்டிருக்கும். அதிகாலையில் கட்டையில் விழும் கறி சில நேரம் கத்தி பட்டதும் துடிப்பது அதனால்தான். மேலே நரம்புத் துண்டு இன்னும் உயிர்ப்போடு இருக்கும், உள்ளே எரிபொருளும் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கு அந்தக் கடையில் கிடைக்கும் மிகப் புதிய கறி அதுதான். ஆக்சிஜன் இல்லாமல் கிளைகோஜன் உடைவதால் லாக்டிக் அமிலம் சேரும். உயிரோடிருக்கும்போது 7ஐ ஒட்டி இருந்த பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) மெல்ல இறங்கி 5.5, 5.8 என்று நிற்கும். ஏடிபி தீர்ந்ததும் கோடிக்கணக்கான மயோசின் தலைகள் பூட்டிக்கொள்ளும். உடல் விறைக்கும். மனிதப் பிணம் விறைப்பதும் இதே பூட்டுதான். (கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வேறு கதை: அங்கே எரிபொருள் இருக்கிறது, நரம்புதான் ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறது. நீவி நீட்டினால் விட்டுவிடும். விறைத்த தசையை நீட்டினால் விடாது, கிழியும்.)

பத்து கிலோ தேறும் சின்ன உடல், முப்பது டிகிரி வெயில் என்றால் இது வேகமாகவே நடக்கும். முதல் இரண்டு மணி நேரம் தசை தளர்ந்திருக்கும். பிறகு இறுகத் தொடங்கி, ஐந்தாறு மணி நேரத்தில் அநேகமாக முழுக்க விறைத்துவிடும். ஆட்டுக்கு ஆடு, தசைக்குத் தசை கொஞ்சம் முன்பின் ஆகும். கடிகாரத்தை நம்ப வேண்டாம் என்றால் கையை நம்பலாம். தொங்கும் உடலின் முன்னங்காலை மடக்கிப் பாருங்கள். லேசாக மடங்கி, கறி விரலில் ஒட்டினால் இன்னும் விறைக்கவில்லை. மரக்கட்டைபோல எதிர்த்தால் விறைப்பில் இருக்கிறது.

இனி தெருமுனைக் கடைக்கு வருவோம். நான்கு, ஐந்து மணிக்கு அறுத்து ஆறு மணிக்குக் கொக்கியில் ஏற்றும் கடையில் முதல் ஆளாக நின்று வாங்கி, எட்டு மணிக்குள் குக்கரில் வைத்தால் தசை பூட்டுவதற்கு முன்பே வெந்துவிடும். பிஎச் இன்னும் இறங்காததால் புரதம் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். கழுவிய கறியிலிருந்து நீர் அதிகம் கசியாது, வெந்த துண்டும் சாறோடு இருக்கும். ஒரே நிபந்தனை, சூடு சட்டென்று ஏற வேண்டும். சின்னத் தீயில் சட்டியில் ஏற்றி, மெதுவாகக் கொதிக்கவிட்டால் இந்தப் புதுக்கறி சூட்டிலேயே சுருண்டு இறுகும். கொதிக்கும் மசாலாவில் கொட்டி மூடியைப் போட்டுவிடுவது உத்தமம்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு இதற்கு அடுத்த கட்டத்தில். ஏழு மணிக்கு இரண்டு கிலோ வாங்கி, ஒன்றைச் சமைத்து, இன்னொன்றைக் "கெட்டுப்போகாம இருக்கட்டும்" என்று நேரே ஃபிரீசரில் தள்ளுவது. ஏடிபி மிச்சமிருக்கும் தசையை 10 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால், செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியம் கசியும். அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்பு குளிரில் மந்தமாகிவிடும். கால்சியம் வெளியே வந்தால் தசைக்கு ஒரே அர்த்தம்தான்: சுருங்கு. துண்டு போட்ட கறிக்கு இரண்டு முனையிலும் பிடிமானம் இல்லை, தடையில்லாமல் சுருங்கும். நீளத்தில் 40 சதவீதம் சுருங்கிய கறிதான் மெல்லவே முடியாத கறி. அதைவிட மோசம், சுருங்க நேரமே கொடுக்காமல் உறைந்துபோவது. பத்து நாள் கழித்து வெளியே எடுத்து உருகவிடும்போது மிச்சமிருக்கும் ஏடிபி மொத்தமும் ஒரே வீச்சில் செலவாகி, துண்டு பாதியாகக்கூடச் சுருங்கி, கிண்ணம் நிறையச் சிவப்புத் தண்ணீர் விடும்.

நியூசிலாந்துக்காரர்கள் இந்தப் பாடத்தை ஏற்றுமதியில் அடிபட்டுக் கற்றார்கள். அங்கிருந்து பிரிட்டனுக்குப் போன ஆட்டிறைச்சி, உறைய வைக்கும் வேகம் கூடக் கூட இறுகிப்போனது. 1963இல் லாக்கர், ஹாகியார்ட் என்ற இருவர் குளிர்ச்சுருக்கத்தை அளந்து காட்டினார்கள். தசை மிகக் குறைவாகச் சுருங்குவது 15 டிகிரியை ஒட்டி. அதற்குக் கீழேயும் ஆபத்து, மேலேயும் ஆபத்து. அறுத்தவுடன் உடலில் மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்கவிட்டு, கிளைகோஜனை முன்கூட்டியே எரித்துத் தீர்த்துவிட்டுப் பிறகு குளிர்விக்கும் முறை அதிலிருந்துதான் பரவியது.

நம் தெருக்கடையில் மின்சாரம் பாய்ச்ச ஆளில்லை. வெயில் அந்த வேலையை ஓரளவு செய்துவிடுகிறது. ஐந்து மணிக்கு அறுத்தது ஒன்பதரை, பத்து மணிவரை எலும்போடு தொங்கியிருந்தால் அமிலம் ஏறி, எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இனி ஃபிரிட்ஜில் வைத்தால் சுருங்கத் திராணியில்லை. அதனால்தான் சேமிப்பதற்குத் தாமதமாக வாங்குங்கள் என்கிறோம். கேட்க வேண்டிய விதம்: "அண்ணே, பின்தொடை முழுசா குடுங்க, துண்டு போட வேண்டாம்." எலும்பில் இரு முனையும் கட்டுண்ட தசை சுருங்கப் பார்த்தாலும் முடியாது. அதைத் துடைத்து, கழுவாமல், ஃபிரீசரில் வைக்காமல், கீழ்த்தட்டில் மூடிய பாத்திரத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்கலாம். அந்த நேரத்தில் தசைக்குள்ளேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதி சார்கோமியரின் சுவர்களை அரிக்கும். பூட்டு திறப்பதில்லை, பூட்டிய கதவின் நிலைச்சட்டம் இற்றுப்போகிறது. இரண்டாம் நாள் கறி மிருதுவாகும் ரகசியம் அவ்வளவுதான். மிச்சத்தை ஃபிரீசரில் வைப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு வையுங்கள்.

தெருக்கடைக்கு மதிப்பெண் குறைவது இரண்டு இடத்தில். பத்து மணிக்கு மேல் ஈயும் சூடும் சேர்ந்து வெட்டிய பரப்பில் கிருமி பெருகும். ஆகவே கட்டையில் ஏற்கெனவே வெட்டிக் குவித்ததைத் தொடவேண்டாம், தொங்குவதிலிருந்து மட்டும் வாங்குங்கள். ஆட்டுத்தொட்டி முத்திரை தொடையில் பதிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இரண்டாவது, பண்டிகைக் கூட்டம். சந்தையிலிருந்து லாரியில் நெருக்கியடித்து, தண்ணியில்லாமல் இரவெல்லாம் வந்த ஆடு கிளைகோஜனை வழியிலேயே எரித்துத் தீர்த்திருக்கும். அறுத்த பிறகு அமிலம் சேர வழியில்லை, பிஎச் 6க்கு மேலேயே நிற்கும். அந்தக் கறி கருஞ்சிவப்பாக, வறண்டு, பிசின்போல இருக்கும். மிருதுவாக வேகும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் கெடும். தீபாவளிக்கு முந்தைய நாள் கறி ஃபிரிட்ஜிலேயே நாற்றமெடுத்தால் ஃபிரிட்ஜைக் குறை சொல்லாதீர்கள். கருத்த கறி கிடைத்தால் அன்றே சமைத்துவிடுங்கள்.

தெருக்கடையின் பெரிய பலம், கேட்ட தசையைக் கேட்டபடி வாங்க முடிவது. கத்தி பிடிக்கத் தெரிந்தவர் முன்சப்பையைக் கழற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, விலாவை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் போதும், முழுச் சப்பையும் கையோடு வந்துவிடும். கத்தி ஓர் எலும்பிலும் முட்டாது. ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் மார்போடு எலும்பால் இணைக்கப்படவில்லை; தூளியில் தொங்குவதுபோல வெறும் தசைப் பட்டைகள்தான் உடம்பைத் தாங்குகின்றன. ஓடிக் குதித்து இறங்கும் அதிர்ச்சியை அந்தத் தூளி வாங்கிக்கொள்ளும். நமக்குக் கையைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும், மேலே தூக்க வேண்டும், அதற்கு முட்டுக்கொடுக்கக் காறை எலும்பு இருக்கிறது. பின்தொடை அப்படியில்லை; இடுப்புக் குழியில் பந்துமூட்டாக மாட்டியிருக்கும், மூட்டைத் திருகி உள்ளே கத்தி நுழைத்தால்தான் கழலும். சமையலுக்கு இதன் பலன்: உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்குவது முன்னங்கால், அங்கே சின்னச் சின்னத் தசைகள் பல, இடையிடையே சவ்வு அதிகம். பிரியாணிக்கும் குழம்புக்கும் சப்பை அருமை, சவ்வு கரைந்து சாறு கெட்டியாகும். சுக்காவுக்குப் பின்தொடை, பெரிய தசைகள், சவ்வு குறைவு.

கொக்கி மாட்டும் இடத்தைப் பாருங்கள். பின்னங்காலில் "பின்னால் மடங்கும் முழங்கால்" என்று தோன்றுவது உண்மையில் ஆட்டின் கணுக்கால். ஆடு குதிகாலை உயர்த்தி விரல் நுனியில் நடக்கிறது. கொக்கி நுழைவது குதிகால் நாணுக்கும் எலும்புக்கும் இடையிலான சந்தில். அதற்கு மேலே உள்ள சின்ன உருண்டை நம் கெண்டைக்கால் சதையேதான். அதில் இழைகள் குட்டையாக, இறகின் நாருபோலச் சாய்ந்து நாணில் ஒட்டியிருக்கும். குறைந்த இடத்தில் அதிக இழையை அடைத்து அதிக பலம் எடுக்கும் அமைப்பு அது. பலத்துக்கு விலை நாண். இருபது நிமிடத்தில் வேகாது, சூப்புக்கும் பாயாவுக்கும்தான் லாயக்கு. நேர்மாறாக, முதுகெலும்பின் உட்பக்கம் இடுப்பை ஒட்டி விரல் தடிமனில் ஒரு கீற்று ஓடும். நமக்குத் தொடையைத் தூக்க உதவும் அதே தசை. ஓர் ஆட்டில் ஆளுக்கு ரெண்டு வாய்தான் வரும். யாரும் கேட்பதில்லை, எலும்போடு சேர்த்து வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்கினால் ஐந்து நிமிட வறுவலுக்கு அதற்கு இணையில்லை.

கழுத்துக்கறி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கழுத்தின் மேல்விளிம்பில் விரல் தடிமனுக்கு மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் நரம்பு என்பார்கள்; நரம்பும் இல்லை, தசையும் இல்லை, எலாஸ்டின் என்ற இழுபடும் புரதம் நிறைந்த மூட்டுநார். குனிந்து மேயும் தலையைச் செலவில்லாமல் மேலே இழுக்கும் ரப்பர் பட்டை அது. நம் தலை முதுகெலும்பின் உச்சியில் சமநிலையில் உட்கார்ந்திருப்பதால் நமக்கு அது மெல்லிய கீற்றாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற சவ்வுகளில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீராவியில் ஜெலட்டினாகக் கரையும், எலாஸ்டின் கரையாது. முப்பது விசில் விட்டாலும் அந்தப் பட்டை அப்படியே கிடக்கும். கடையிலேயே உருவி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆட்டின் வயது விஷயத்தில் பல்லைக் கேட்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். பால்பல் விழாத ஆடு ஒரு வயதுக்குள். முன்னால் ரெண்டு பல் போட்டால் ஒரு வயது தாண்டியது. நாலு பல் என்றால் இரண்டை ஒட்டி. வயது ஏற ஏறக் கொலாஜனின் அளவைவிட அதன் நூல்களுக்கிடையே விழும் முடிச்சுகள்தான் கூடுகின்றன. முடிச்சு கூடினால் கரைய நேரமாகும். ஆகவே விசிலை எண்ணாதீர்கள். அடுப்புக்கு அடுப்பு, வெயிட்டுக்கு வெயிட்டு விசில் மாறும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைத்து, பால்பல் ஆட்டுக்கு 12 முதல் 15 நிமிடம், ரெண்டு பல்லுக்கு 20, நாலு பல்லுக்கு மேல் 30 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். பாதியில் திறந்து பார்த்து "பச்சையா இருந்தப்பவே தேவல, இப்ப இன்னும் ரப்பரா இருக்கு" என்று தோன்றினால் அது பிரமையில்லை. 60 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் சவ்வு சுருங்கித் தசையைப் பிழியும். அதற்கும் மேலே போனால்தான் கரையத் தொடங்கும். குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிய நீராவியில் சீக்கிரம் கரையும். மூடியைத் திரும்பப் போடுங்கள், கைவிடாதீர்கள்.

ஏசி கடை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நேத்து அறுத்ததா, இன்னைக்கா? சில்லரா, ஃபிரீசரா?" நேற்று அறுத்து, விறைப்பு முடிந்தபின் 0 முதல் 4 டிகிரிக்குள் முழு உடலாகத் தொங்கியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மேற்பரப்பு கொஞ்சம் காய்ந்து, பட்டுப்போல இருக்கும், கத்தி சுத்தமாக இறங்கும். அதுவே பெட்டி ஃபிரீசரில் மெதுவாக உறைந்தது என்றால் இழைகளுக்கிடையே பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து சவ்வைக் குத்தியிருக்கும். உருகும்போது சாறெல்லாம் போய்விடும். மின்ரம்பத்தில் அறுத்த துண்டுகளில் எலும்புத்தூள் மாவுபோல ஒட்டியிருக்கும். குழம்பில் நறநறவென்று பல்லில் படுவது மண் இல்லை, அதுதான். ஒரே அளவாக, சதுரம் சதுரமாகப் பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு நன்மையில்லை.

ஆப் பொட்டலம் கையில் வந்ததும் பலர் முதலில் பயப்படுவது நிறத்துக்கு. காற்றை உறிஞ்சி மூடிய பையில் கறி கருஊதா நிறத்தில் இருக்கும். தசைக்கு நிறம் கொடுப்பது மயோகுளோபின், தசைக்குள்ளேயே ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம். காற்று இல்லாதபோது ஊதா, ஆக்சிஜன் பட்டால் பளீர் சிவப்பு, நாள்பட்டால் பழுப்பு. பையைப் பிரித்துத் தட்டில் பரப்பி அரைமணி நேரம் விட்டால் சிவந்துவிடும். அடைபட்ட வாடையும் போகும். போகாமல் புளித்த நெடி நின்றால் திருப்பி அனுப்புங்கள். அடியில் தேங்கும் சிவப்பு நீர் ரத்தம் கிடையாது, மயோகுளோபின் கலந்த தசைநீர். இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் இருந்தால் உறைந்து உருகிய கறி என்று சந்தேகப்படலாம்.

பொட்டலத்தில் "இன்று பேக் செய்தது" என்பதைத் தேடாதீர்கள். கெடு தேதிக்குள் இருந்து, பேக் செய்து ஒன்றிரண்டு நாள் ஆனதுதான் மென்மையில் முந்தும். கால்பெயின் வேலை செய்ய அவகாசம் கிடைத்திருக்கும். குறை எங்கே என்றால் "கறி கட்" என்ற பெயரில் சப்பை, தொடை, கழுத்து, விலா எல்லாவற்றையும் கலந்து போடுவது. தொடை பதினைந்து நிமிடத்தில் வெந்து உதிரும்போது கழுத்து இன்னும் பல்லைச் சோதிக்கும். தனித் தொடை, தனிச் சப்பை என்று பிரித்து விற்கும் பட்டியலிலிருந்து எடுங்கள், பத்திருபது ரூபாய் கூடினாலும்.

உறுப்புகளில் தெருக்கடையை யாரும் தொட முடியாது. ஈரல், சுவரொட்டி, மூளை தசையில்லை, அவற்றை விடுங்கள். இதயமும் குடலும் தசை, ஆனால் வேறு சாதித் தசை. இதயத்தின் இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கைகோத்திருக்கும், பிறந்ததுமுதல் ஓய்வில்லை, அதனால் இழை நெருக்கமாக, கறி கெட்டியாக இருக்கும். குறுக்கே மெல்லிய சீவலாக நறுக்கிச் சட்டென்று வறுக்கலாம், இல்லாவிட்டால் நீண்ட நேரம் வேகவைக்கலாம். நடுவில் நிறுத்தினால் தோல் செருப்பு. குடலில் இருப்பது வரியில்லாத மென்தசை, வட்டமாகவும் நெடுக்காகவும் இரண்டு அடுக்கு. உணவை உருட்டித் தள்ளும் அடுக்குகள் அவை. நன்றாகத் தேய்த்துக் கழுவி, கால் மணி நேரமாவது குக்கரில் தனியாக வேகவைத்துவிட்டுத்தான் பொரியல்.

பக்கத்திலேயே கோழி விற்கும் கடையானால் சில வார்த்தை. பிராய்லர் நெஞ்சுக்கறி வெளுத்திருப்பது, திடீரென்று சிறகடிக்க மட்டும் உதவும் வேக இழைகளால் ஆனதால். நாளெல்லாம் நிற்கும் காலில் மயோகுளோபின் கூடுதல், சிவப்பும் ருசியும் கூடுதல். நமக்கு இரண்டு வகை இழையும் ஒவ்வொரு தசையிலும் கலந்தே கிடக்கின்றன, கோழிபோலத் தனித்தனி அறையில் இல்லை. நெஞ்சின் அடியில் தனியாகக் கழலும் சின்னக் கீற்றில் வெள்ளை நாண் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சிறகை மேலே தூக்கும் தசை அது. தசை கீழே, இழுப்பு மேலே. தோள் எலும்புகளின் நடுத்துளை வழியாக நாண் கப்பிக் கயிறுபோல ஏறிப்போகிறது. அந்த நாணை உருவிவிடுங்கள், வேகாது. நெஞ்சுக்கறியின் மேல் வெள்ளைக் கோடுகள் ஓடி, அழுத்தினால் மரம்போல மேடாக இருந்தால் வாங்காதீர்கள். அதிவேகமாக வளர்த்த பறவையில் தசை சிதைந்து, அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் ஏறியிருக்கும். கெடுதல் இல்லை, ஆனால் சாறும் இல்லை. கல்லீரலோடு சேர்த்துத் தரும் மாங்காய், அதாவது இரைப்பை, முழுக்க மென்தசை. பல்லில்லாத பறவைக்கு அரைக்கும் ஆட்டுக்கல் அதுதான் என்பதால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து வேகாது.

மென்மைக்கு வீட்டில் செய்யும் கைவைத்தியங்களில் பப்பாளிக்காய் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் பரப்பில் மட்டும். ஒரு கிலோவுக்கு தோலோடு அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி, அரைமணி முதல் முக்கால் மணி நேரம். ஊறும்போது செய்வதைவிட அடுப்பில் சூடேறும்போதுதான் அந்த நொதி வெறியோடு வெட்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வெளியே கூழ், உள்ளே ரப்பர். விடியற்காலைக் கறிக்குத் தேவையேயில்லை. உப்பு இன்னும் எளிது: கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தடவி அரைமணி விட்டால் மயோசின் கொஞ்சம் கரைந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தயிர் ருசிக்கு; மென்மைக்கு அதன் பங்கு சொற்பம்.

சுக்காவுக்கு நறுக்கச் சொல்லும்போது "சின்னதா போடுங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இழை ஓடும் திசைக்குக் குறுக்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடையின் பின்பக்கத் தசையைக் கட்டையில் கிடத்தி விரலால் அழுத்தி நீவினால் வரிகள் முழங்காலை நோக்கி ஓடுவது தெரியும். அந்த வரியோடு நீளவாக்கில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீள நூல்கள், பல்லுக்கிடையில் மாட்டும். குறுக்கே அரை அங்குலத்துக்கு வெட்டினால் பல் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கத்தி செய்திருக்கும். உப்புக்கண்டத்துக்கு மட்டும் தலைகீழ்: வரியோடு நீளமாகக் கீறி வெட்டினால்தான் கயிற்றில் கோக்கும்போது அறுந்து விழாமல் காயும்.